மூன்று சென்டிமீட்டர்

நீர்மேல் எழுத்து நிற்காது.
ஆகவே நாங்கள் அடியில் எழுதுகிறோம்.
வெள்ளை அடித்த தரையில்
மரக் கம்பெனியின் பெயர், அதன் பச்சை ஊசியிலை,
மேலே தண்ணீர் தெளித்து உறையவிட்டு
மறுபடி தெளித்து, மறுபடி,
மூன்று சென்டிமீட்டர் ஆகும்வரை.
வட ஸ்வீடனின் இந்த ஐஸ் ஹாக்கி அரங்கில்
பத்தொன்பது வருடமாக என் வேலை இது.
ஆட்டங்களுக்கு நடுவே வண்டி ஓட்டி
கீறலை எல்லாம் வழித்துவிடுவேன்.

நவம்பர். காலைப் பயிற்சி. காலி இருக்கைகள்.
பிலிமோன் வட்டைப் பறித்துக்கொண்டு போனான்,
கேப்டனின் கால்களுக்கு நடுவிலிருந்து,
ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி.
ரிக்கார்ட் அவன் முதுகில் ஒரு சொல்லை எறிந்தான்.
பழைய சொல்.
என் அப்பா சாப்பாட்டு மேசையில்
உப்பு கேட்கும் குரலில் சொன்ன சொல்.
கூடவே ஒரு விலங்கின் பெயர்.

பிலிமோன் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவன்.
அவன் அம்மா ஸெனைட் அங்கே இரவு நர்ஸ்.
ஆறு வயதில் என் வண்டியில் ஏறி
ஹாரன் எங்கே என்று அழுதவன்.

அவன் நின்றான். திரும்பவில்லை.
ஸ்கேட் கத்தி இறங்கிய இடத்தில்
விரல்கடை ஆழத்துக்கு ஒரு பள்ளம்.
அதையும் நான்தான் வழித்தேன்.

மாடியில் விசாரணை.
காபி, ஏலக்காய் ரொட்டி,
ஜன்னலுக்கு வெளியே மூன்று மணி இருட்டு.
மரக் கம்பெனியோடு ஐந்து வருட ஒப்பந்தம்,
வெள்ளிக்கிழமை கையெழுத்து.
அதை யாரும் சொல்லவில்லை.
ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் பேனாவோடு கிடந்தது.
"நீ வாசலில் நின்றாயாமே, சீவ். ஏதாவது கேட்டதா?"

வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்றேன்.

இரண்டு பக்க அறிக்கை.
"உறுதிப்படுத்த இயலவில்லை.
வண்டிச் சத்தம் காரணமாக."
நகல் பிலிமோன் வீட்டுக்கும் போயிற்று.
காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது.
ஜனவரியில் அவன் ஸ்லோவாக்கியாவில் ஏதோ ஊருக்கு
பாதிச் சம்பளத்துக்குப் போனான்.

பிப்ரவரியில் கேமரா வாய் திறந்தது.
கோல் வலைக்கு மேலே, பயிற்சியைப் பதிய
யாரோ மாட்டி மறந்துபோனது.
ஒன்பது நொடி.
ஞாயிறு நாடே கேட்டது.
திங்கள் மதியம் மரக் கம்பெனி
தன் விழுமியங்களைப் பற்றிப் பேசியது.
செவ்வாய்க்கிழமை கிளப் வெட்கப்பட்டது.

அந்த ஒன்பது நொடியை நான் நாற்பது தடவை கேட்டேன்.
சொல் இருக்கிறது. பிறகு ஒரு மௌனம்.
பிறகு தரையில் மண்வாரி இடிக்கும் சத்தம்.
மண்வாரி என்னுடையது.
வண்டிச் சத்தம் இல்லை.
யாரும் கவனிக்கவில்லை, அல்லது
கவனித்தவர்களுக்கு இனி அது தேவைப்படவில்லை.

இரவோடு இரவாக உருக்கச் சொன்னார்கள்.
வெந்நீர்க் குழாயோடு தனியாக நின்றேன்.
பச்சை ஊசியிலை கரைந்து
கீரை அலசிய தண்ணீர்போல் வடிகாலுக்கு ஓடியது.
அதே இடத்தில் புது எழுத்து:
இனவெறிக்கு இங்கே இடமில்லை.
செலவு மின்சாரக் கம்பெனியுடையது.
மூலையில் அதன் பெயர், கொஞ்சம் பெரிதாகவே.
தெளித்தேன், உறையவிட்டேன்,
மூன்று சென்டிமீட்டர்.

ஐந்து ஆட்டத் தடை முடிந்து
மார்ச்சில் ரிக்கார்ட் திரும்பினான்.
முதல் வட்டு அந்த எழுத்தின்மேல்தான் விழுந்தது.
எழுந்து நின்று கைதட்டினார்கள்.
நான் தட்டினேனா, ஞாபகமில்லை.
கையுறை போட்டிருந்தேன்.

நேற்று கடையில், பால் அடுக்கின் முன்னால், ஸெனைட்.
இரவு வேலை முடிந்த கண்கள்.
"வண்டி எப்படி ஓடுகிறது, சீவ்?"
நன்றாக ஓடுகிறது என்றேன்.
தேதி பார்த்து ஒரு பெட்டியை எடுத்தாள்,
வைத்தாள், வேறொன்றை எடுத்தாள்.
"இன்னும் அவ்வளவு சத்தமா?"
கூடையோடு நகர்ந்துபோனாள்.
பதிலுக்கு நிற்கவில்லை.