ஊறல்

லாரி வந்து நின்றால் போதும்,
கொருக்குப்பேட்டை கேட் பக்கமிருந்து
குடத்தோடு ஓடி வருகிறார்கள்.
இது உங்களுக்கில்லை என்று
ஏகாம்பரம் வாய் திறந்து சொல்வதில்லை.
கிடங்குக் கதவைக் கொஞ்சம் சாத்துவான்.
எட்டாயிரம் லிட்டர், நல்ல தண்ணீர்,
ராக்கெட்டுக்கு.

ஏழு மீட்டர் இரும்புக் குழாய்.
வால் பக்கம் மூன்று இறக்கை,
நாலாவது இருந்த இடத்தில் தழும்பு.
வானத்தில் இதற்கு இருபத்தோரு நொடி வேலை.
பிறகு கடல், பிறகு காசிமேட்டு வலை.
கிழிந்த வலைக்கும் டீசலுக்கும்
யார் காசு தருவார்கள் என்று
தேசப்பனின் ஆட்கள் அதை உதைத்திருக்கிறார்கள்.
உதைத்த பள்ளம் எதுவென்று தெரியவில்லை,
பள்ளங்கள் நிறைய.

காஸ்டிக் கரைத்த தொட்டியில் மூழ்கடித்து
வாராவாரம் தண்ணீர் மாற்றி
எவ்வளவு உப்பு கக்கியது என்று அளப்பது என் வேலை.
"இன்னா மேடம், சாராய ஊறலா?"
முதல் நாளே கேட்டுவிட்டான் ஏகாம்பரம்.
மூக்கு எரிந்ததில், ஆமாம் என்றேன்.
முதல் வாரம் ஆயிரத்து நூறு.
நாலாம் வாரம் அறுநூற்றுச் சொச்சம்.
முப்பதுக்குக் கீழே இறங்காமல் எடுத்தால்
மியூசியக் கண்ணாடிக்குள் போன பிறகும்
கடல் உட்கார்ந்து தின்னும்.

ஆறாம் வாரம் துரு அப்பளமாய்ப் பெயர்ந்தது.
அடிவயிற்றில் ஒரு துளை,
கட்டைவிரல் நுழையும், உள்ளே மரை வெட்டியிருந்தது.
வரைபடத்தில் இல்லை.
வெடித்ததும் இல்லை; வெடிப்பு இவ்வளவு பொறுமையாய் மரை போடாது.
இரண்டு நாள் கோப்புகளைப் புரட்டினேன்.
மூன்றாம் நாள்
கதவிடுக்கில் காலிக் குடத்தோடு நின்ற தனபாக்கியம் சொன்னாள்:
"அதுவா? எங்க கொழாய்மா அது."

மழையே பெய்யாத ஏதோ ஒரு வருசம்.
ரெண்டு வாயையும் பட்டறையில் அடைத்து
செங்கல் மேல் படுக்கவைத்து
லாரித் தண்ணீரை ரொப்பியிருக்கிறார்கள்.
வீட்டுக்கு மூணு கொடம்.
நாலாவது கேட்டவளின் மண்டையில் ஆறு தையல்.
"துரு வாடை அடிக்கும். டீ தானா செவந்துடும்,
தூள் மிச்சம்னு வச்சிக்கோ."
சிரித்தாள்.
அந்தக் குழாய்க்குள் எரிந்தது என்ன,
எரிந்த பின் ஒட்டியிருந்தது என்ன,
எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
குழாய் நிறைய என்றால் நூற்றுப் பதிமூன்று குடம்.
என் தொட்டி நிறைய என்றால் ஐந்நூற்று முப்பத்து மூன்று.
போட்டிருக்கக் கூடாது.

ஏவிய அன்று காலை எப்படி இருந்ததோ
அப்படி வேண்டும் என்கிறார் இயக்குநர்.
துளையை அடைத்து, வெள்ளையடித்து,
நாலாவது இறக்கை புதிதாய்ச் செய்து.
அடைப்பேன்.
அசிட்டோன் தொட்டால் இளகிவிடும் பிசினால்
உள்பக்கமிருந்து அடைப்பேன்.
பதிவேட்டில் எழுதிவிட்டேன்:
துளை, இருபத்தோரு மில்லிமீட்டர், பிற்காலத்தது.
பயன்: குடிநீர்.

இந்த வாரம் நாற்பத்தாறு.
கடைசி லாரி வந்தபோது
ஏகாம்பரம் டீ குடிக்கப் போயிருந்தான்,
நான்தான் அனுப்பினேன்.
எட்டாயிரம் பெற்றுக்கொண்டதாய்க் கையெழுத்துப் போட்டேன்.
தொட்டியில் ஏழாயிரத்து அறுநூறு.

ராக்கெட்டின் முதுகு
இரண்டு விரற்கடை வெளியே நிற்கிறது.
காற்று பட்டால் விடிவதற்குள் சிவந்துவிடும்.
கோணிச்சாக்கை நனைத்துப் போர்த்தியிருக்கிறேன்.
அரை மணிக்கு ஒரு மக் ஊற்றுகிறேன்,
எண்ணூர்ப் பக்கம் போகும் கூட்ஸ் வண்டிகளை
எண்ணிக்கொண்டு.