பதின்மூன்று தடவை

பதின்மூன்று தடவைதான் கேட்கப்பட்டிருக்கிறது.
அதில் ஆறு நான்.
மிச்சம் ஏழில், பாடினவன் சரிபார்க்கக் கேட்டது இரண்டு,
தாய் ஒன்று என்று வைத்தாலும்
இன்னும் நான்கு
எங்கேயோ, யாரிடமோ.

பஸ் நிலையத்துக்கு எதிரே
ஓட்டம் கிடைக்காத நேரங்களில் போனைத் துழாவுவேன்.
மீன் வாங்குகிறவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல
முதல் பத்து விநாடி.
பெரும்பாலும் திரும்ப வைத்துவிடுவேன்.
சிலவேளை விரல் நிற்கும்.

மூதூர்ப் பெடியன் ஒருவன் படகு எஞ்சினைப் பதிந்து
அதன்மேல் றப் சொல்கிறான்:
கடன், கடன், பிறகு ஒரு பெட்டையின் பெயர்.
மன்னாரில் முகம் காட்டாத ஒருத்தி
கிற்றாரில் எஞ்சிய நரம்புகளை வைத்துக்கொண்டு
அறுந்ததைப் பற்றிப் பாடுகிறாள்.
கந்தளாயிலிருந்து நெல் ஏற்றி வரும் சுமேத
பென்டிரைவ் ஒன்று தந்தான்:
“மச்சான், வீட்டில மனிசி இருக்கேக்க போடாதே.”
மெற்றல்.
உள்ளே யாரோ தகரக் கூரையை உயிரோடு உரிக்கிறார்கள்.
மூன்றாம் நாள்தான் கேட்டது,
அதற்குள் ஒருவன் சிங்களத்தில், மிக மெதுவாக,
மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இதெல்லாம் என்ன வகை என்று கேட்கிறார்கள்.
கன்னியாவில் ஏழு கிணறு, ஒரே முற்றம்.
ஒன்றில் கை வைக்கலாம்,
ஒன்றில் வைத்த கையை எடுக்கவேண்டும்.
வாளி தூக்கினவன் வகை கேட்டா வார்த்தான்?

எடுப்பது சுலபம். கொடுப்பதுதான்.
“நல்ல பாட்டு” என்று சொல்லிக் கொடுத்தால்
கேட்கிறவர் முகத்தில் நன்றி முன்கூட்டியே
ஏற்பாடாகிவிடுகிறது.
ஆகவே ஒன்றும் சொல்வதில்லை.
பெற்றோல் செட் தாண்டியதும் போடுவேன்.
கண்ணாடியில் பார்ப்பேன்,
வீதியைப் பார்க்கிற கண்ணாடியில் அல்ல.

உப்புவெளிக்குப் போன வெள்ளைக்காரர் தலையாட்டினார்;
அவர் விலைக்கும் தலையாட்டியவர்.
அன்புவழிபுரத்து ரியூசன் மிஸ் காதைப் பொத்தினா.
கோட்டை வாசலில் ஒரு மான்
முழுவதையும் நின்று கேட்டது,
பிறகு சீற்று றெக்சினைத் தின்னப் பார்த்தது.

நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸைத் தவறவிடுகிற காலைகளில்
ருமைஸாவுக்குக் கிண்ணியா வரை என் ஓட்டோ.
அந்தப் பதின்மூன்றை அவவுக்குத்தான் முதலில் போட்டேன்.
பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி
பாலத்தின் நடுவில் முடிந்தது.
கண்ணை மூடியிருந்தா. நித்திரை என்று நினைத்தேன்.
மிச்சக் காசை எண்ணி வாங்கினா, போனா.

சொல்லவேண்டும், வலித்தது.
என் பாட்டில்லை, என் குரலில்லை,
பாடியவன் யாழ்ப்பாணமா கனடாவா, தெரியாது.
ஆனாலும் என் வீட்டுக் கறியைத்
தொடாமல் எழும்பிப் போனமாதிரி.

பதினெட்டு நாள் கழித்து, மழை.
உள்கண்ணாடியின் ஆவியை முழங்கையால் துடைக்கிறேன்.
பின்னாலிருந்து:
“அண்டைக்கு ஒண்டு போட்டீங்களே,
அதில அந்த ட்ரம் ஒருக்கா பிந்தி வருது.
பிழையா, வேணுமெண்டா?”

எந்த ட்ரம்?

ஓரமாக நிறுத்தினேன். போட்டோம்.
இரண்டாம் நிமிடம் கழிந்து, குரல் நின்ற இடத்தில்,
எல்லோரும் உள்ளே போய் இருந்துவிட்ட பிறகு
வாசலில் செருப்புக் கழற்றுகிறவன்போல
அந்த ஒரு அடி.

அதற்குள் முப்பது தரமாவது கேட்டிருப்பேன், நான்.

“பிழைதான்” என்றேன்.
“இல்ல” என்றா.
“பிழையெண்டா அடுத்ததுக்கு ஓடி வந்திருப்பான்.
இவன் நடந்து வாறான்.”

எண் இப்போது நாற்பத்தொன்பது.
அதில் நான் எத்தனை என்று சொல்லமாட்டேன்.
அந்த இடம் வரும்போது
வேகத்தைக் குறைக்கிறேன்,
பின்சீற்றில் ஆள் இல்லாவிட்டாலும்.