ஏழு ராத்திரிக்கு எந்தக் கப்பல்

கீழ்வீட்டு எப்சிபா அக்கா
மொட்டைமாடியில் இரண்டு கப்பல்களைக் காயப்போட்டிருந்தாள்.
பிரிண்ட் எடுத்த தாள்கள். காற்றுக்குப் பயந்து
கொடிக்கயிற்றில் கிளிப் மாட்டியிருந்தாள்,
என் பனியன்களுக்கு நடுவே.

"நீ ரெண்டுலயும் இருந்திருக்கியே, சொல்லு.
சௌத்தாம்ப்டன்லேர்ந்து நியூயார்க், ஏழு ராத்திரி.
எதுல போவே?"

கேள்வியே தப்பு.
போகிறவன் இல்லை நான், இருக்கிறவன்.
ஒன்பது மாசம் கப்பல், இரண்டு மாசம் தண்டையார்பேட்டை,
மறுபடி மெடிக்கல், மறுபடி கப்பல்.

அவள் கணக்கு வேறு.
லண்டனில் மகன் வரைக்கும் பிளேன்,
அங்கிருந்து மகளிடம் தண்ணீர் வழி.
"முப்பத்தொரு வருஷம் ஸ்டான்லியில நைட் டூட்டி.
மேல்மாடி ஜன்னல்ல கப்பல் விளக்கு தெரியும்.
எல்லாம் நங்கூரம் போட்டு நின்னது.
ஒண்ணாவது நகர்றப்ப உள்ள இருக்கணும்."

முதல் தாளில் பதினெட்டு மாடி,
ஆறு நீச்சல்குளம், ஒரு சறுக்குமரம்.
நாங்கள் அதைக் கல்யாண மண்டபம் என்போம்.
பக்கவாட்டில் காற்று பிடித்தால்
எண்ணூர் ஹைரோட்டில்
காலி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்போல ஆடும்.
இரண்டாவது பழசு. மூக்கு நீளம்.
அலைமேல் ஏறாது, கிழித்துக்கொண்டு போகும்.
புத்தக அறை உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு வேண்டும்.

"கோட்டு இருக்குறது தாள்லயே இருக்கு.
தாள்ல இல்லாததைச் சொல்லு."

தாளில் இல்லாதது:
அட்லான்டிக்கைப் பதினாலு முறை தாண்டியிருக்கிறேன்,
பார்த்தது நாலு முறை,
கயிறு கட்டும் தளத்தில், ஒரு சிகரெட் நேரம்.
சலவை அறை நீர்மட்டத்துக்குக் கீழே.
அங்கே கடல் என்பது
இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ மூட்டைகளை மாற்றி அடுக்கும் சத்தம்.
மேலே எப்படி இருக்கிறதென்று
படுக்கை விரிப்புதான் வந்து சொல்லும்.
சாக்லேட், ஒயின் என்றால் அமைதி.
மூன்றாம் நாள் மேற்குக் காற்று பிடித்தால்
எல்லாம் வாந்தி.
கல்யாண மண்டபத்தில் ஒரே ராத்திரி
நாலாயிரம் பேர் விரிப்பு வந்தது.
பழசில், அதே மாதிரிக் காற்றில், அறுநூறு.

நான் நிறுத்தினேன். சாப்பிட்டுவிட்டு வந்தவளிடம் சொல்கிற பேச்சா இது.
அவள் கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள்.
"ஆள் எத்தனை?"
அதில் ஆறாயிரம். இதில் இரண்டாயிரத்து முந்நூறு.
தாளின் ஓரத்தில், வானத்தின்மேல், வகுத்தாள்.
"அதுல மூணுக்கு ரெண்டு. இதுல நாலுக்கு ஒண்ணு."
பிறகு, கொஞ்சம் கழித்து,
"விரிப்பைப் பார்த்தாத்தான் வார்டு தெரியும்."

மணலிப் பக்கமிருந்து அந்த நாற்றம் வந்தது,
வந்து பழகியது.

அறை எந்த இடம் என்று கேட்டாள்.
நாலாம் தளம், நடுவில். ஜன்னல் சின்னது, ஆட்டம் கம்மி,
காசும் கம்மி. ஆனால்
கீழிருந்து எங்கள் டிரையர் சத்தம் வரும்.

"எங்கள்னா? நீ அதுல இருப்பியா?"
இல்லை. பதினெட்டாம் தேதி மண்டபத்துக்குக் கையெழுத்து.
மாசம் நாற்பது டாலர் கூட.
"அந்த நாலாயிரத்துக்கு நாற்பது டாலரா."
கேள்வியாகச் சொல்லவில்லை.

பழசைக் கிளிப்பிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.
தெருமுனையில் தண்ணி லாரி ஹாரன்;
குடங்கள் ஓடும் சத்தம்.
மண்டபம் என் பனியன்களுக்கு நடுவே படபடத்தது.
இப்போதுதான் சரியாகப் பார்த்தேன்:
படத்தில் மாடிகளுக்கெல்லாம் எண் போட்டிருக்கிறது,
மூன்றிலிருந்து தொடங்கி.
அதற்குக் கீழே நீலம்.

பாதிப் படியிலிருந்து கத்தினாள்:
"அந்த டிரையர் ராத்திரி எத்தனை மணிக்கு நிக்கும்?"
"நிக்காதுக்கா."
"அப்ப சரி.
நைட் டூட்டிக்கு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா
தூங்கிடுவேன்."