மூன்று கோடுகள்

எங்கள் பள்ளியை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்
என்று கேட்டுவிட்டு
மூன்று கோடு போட்டிருக்கிறார்கள்.
லாரிக் கதவில் சாய்ந்து
பேனா மூடியைக் கடிக்கிறேன்.
சோளம் இறக்க
எனக்கு முன்னால் இன்னும் நாலு வண்டி.

நெப்ராஸ்காவில் இந்த மூலைக்கு
அந்தப் பள்ளியே பெரிய கட்டடம் அப்போது.
நாற்பத்தோரு பிள்ளைகள், மூன்று அறை.
ஐந்தும் ஆறும் கொதிகலனுக்குப் பக்கத்தில்,
வெளியே பனி கொட்ட உள்ளே வியர்த்துக்கொண்டு.
கையில் காசில்லாத வருஷம்
ஃபீஸுக்கு அப்பா அரை மாடு கொடுத்தார்.
மதியச் சூப்பில் இறைச்சி மிதந்தால்
"உங்க மாடா?" என்பான் டெல்மர்.
ஆமாம் என்று தலையாட்டுவேன்
அது யார் வீட்டு மாடானாலும்.

இதை எழுதலாம்.
கோட்டில் அடங்காது.

டெல்மரைக் கேட்டால்
அதுபோல ஒரு காலம் வராது என்பான்.
அவன் மூன்று பிள்ளைகளும் அங்கேதான்.
வில்டாவின் அம்மாவைக் கேட்க முடியாது;
நடு வருஷத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போனவள்
இன்றும் அந்தத் தெருப் பக்கம் வண்டியைத் திருப்புவதில்லை.
என்ன நடந்ததென்று
எங்களுக்குச் சொன்னவர் யாருமில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மனப்பாட வசனம்.
என் தம்பி லைலுக்கு நாக்கு திக்கும்.
வாராவாரம் அவன் எடுப்பது
வேதத்திலேயே குட்டி வசனத்தை,
இரண்டே சொல், ஆண்டவர் அழுததைப் பற்றி.
"அதை நீ ஏழு முறை சொல்லிவிட்டாய், வேறொன்று"
என்றார் மிஸ் ஆர்டித், கோபமில்லாமல்.
எழுந்து நின்றான்.
முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டான்.
கரும்பலகைக்கு மேல் கடிகாரம்.
பன்னிரண்டு நிமிஷம்.
யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"வேறெந்தப் பள்ளியில் என் பிள்ளைக்காக
பன்னிரண்டு நிமிஷம் காத்திருப்பார்கள்?"
சாகும்வரை அம்மா சொன்னது இது.
"என்னை நிற்க வைத்தாள்,"
லைல் சொல்வது இவ்வளவுதான்.

நான் இரண்டு வரிசை தள்ளி இருந்தேன்,
ஒரே அறையில் இரண்டு வகுப்பு அல்லவா.
அந்த வசனம் எனக்குத் தலைகீழாகத் தெரியும்.
அடுத்த சொல்லை முணுமுணுத்திருந்தால்
அவனுக்குக் கேட்டிருக்கும்.
பால் டப்பாவின் ஓரத்தை
நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தேன்.
அதை எந்தக் கோட்டில் எழுத?

வண்டி ஒன்று நகர்கிறது.
லைலுக்குப் போன் போடுகிறேன்.
மைராவை அங்கே சேர்க்கலாமா என்று பார்க்கிறேன்,
பொதுப் பள்ளிக்கு ஐம்பது நிமிஷம் பஸ்,
என்று ஏதேதோ சொல்லி முடிக்கிறேன்.
அந்தப் பக்கம் மௌனம்.
அவன் சொல் வந்து சேரும்வரை
காத்திருக்க எனக்குப் பழக்கம்,
அந்தப் பழக்கம் எங்கே வந்தது என்பதை
இன்றுதான் யோசிக்கிறேன்.

"சே... சேர்த்து விடு," என்கிறான்.
"வாயாடி அவள், பிழைத்துக்கொள்வாள்."
பிறகு,
"அந்தக் கடிகாரம் இன்னும் மாட்டியிருக்கா, பார்த்துச் சொல்லு."

பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.
முதல் கோட்டில்
'பஸ் தூரம்' என்று எழுதிவிட்டு
வண்டியை எடுக்கிறேன்.