சுவருக்கு இந்தப் பக்கம்

இந்தப் படத்தை நான் பார்க்கவில்லை,
பதினெட்டு நாளாகக் கேட்கிறேன்.
தண்டையார்பேட்டை கோமளா தியேட்டரில்
ஸ்க்ரீனுக்குப் பின்சுவர்தான்
எங்கள் வண்டி ஸ்டாண்டுக்கு முன்சுவர்.
ஏதோ ஒரு சின்ன ஊர், அதில் ஒரு கோர்ட்டு.
ஓட்டின் மேல் மழை விழும், புறா குமுறும்,
தவாலி மூன்று தரம் பெயர் கூப்பிடுவான்.
அப்புறம் டக் டக் என்று சுத்தியல்.
முதல் நாள், பக்கத்துப் பட்டறை என்றே நினைத்தேன்.

படம் விட்டதும் தீர்ப்பெல்லாம் என்னிடம்தான் வரும்.
"ஃபர்ஸ்ட் ஹாஃப் இழுவை மச்சான்."
"எதிர்த்தரப்பு வக்கீலு செம."
"பாட்டே இல்லியேடா, இதுக்கு நூத்தி நாப்பதா?"
ஹெல்மெட்டுக்குள்ளிருந்தும் சொல்லிக்கொண்டே போவார்கள்.

மிண்ட் தெரு குமாஸ்தா பரசுராமனுக்கு ஆத்திரம்.
"எந்த ஜட்ஜுய்யா சுத்தியலால தட்றாரு?
வக்காலத்துல ஸ்டாம்பு ஒட்டாமலே வாதாட எழுந்துட்டான்.
மூணு வாய்தாவுல தீர்ப்பாம்!
நம்ம கோர்ட்ல மூணு வாய்தாவுக்குள்ள
கேஸ் கட்டைத் தேடி எடுக்கவே..."
முடிக்காமல் கிக்கரை உதைத்தார்.

மஃப்டியில் வந்தவர் சொன்னார்,
"போலீஸ்னா உடனே கெட்டவனா?"
ஸ்டாண்டுக் காசு தரவில்லை.

காசிமேட்டு தேசராணிக்கு ஒரே ஒரு இடம் பிடித்திருந்தது.
"அந்தம்மா எல்லா வாய்தாவுக்கும்
அதே பச்சைப் புடவையில வருது பாரு, அது சரி.
கோர்ட்டுக்குன்னு ஒரு புடவை ஆய்டும்.
அப்பால அத்த கல்யாணத்துக்குக் கட்ட முடியாது."
எந்தக் கேஸ் என்று நான் கேட்கவில்லை.
பூட்டை எடுக்காமலே ஸ்கூட்டியை இழுத்துப் பார்த்துவிட்டு
என்னைத் திட்டினாள்.

துறைமுகத்தில் ரிட்டயரான மார்ட்டின் துரைக்கு
பி.எஃப். கேசு, பத்தொன்பது வருஷம்.
"சின்ன ஊர்லதான்பா நாயம் கெடைக்குது போல.
நம்ம கேசையும் ஒரு ரயில்ல ஏத்தி
அங்க அனுப்பிட்டா இன்னா?"
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை செகண்ட் ஷோ விட்டு
எல்லா வண்டியும் போன பிறகு
ஒரு பழைய மொபெட் மட்டும் நின்றது. டோக்கன் அறுபத்தொன்று.
ஆள் கேட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார்.
நேற்றும் வந்தவர், முந்தாநாளும்.
கன்னியப்பன், திருவொற்றியூரில் பஞ்சர் கடை.
நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர், ஒரு பையன், ஒரு சைக்கிள்.
பார்த்தவர்கள் பத்துப் பேர்,
பார்த்தேன் என்றவர் இவர் ஒருவர்.
விடிந்தால் சாட்சி.

"படம் எப்படிண்ணா?"
"படத்தை யாரு பாத்தா?
அந்தச் சாட்சிக்காரன் கையை எங்க வச்சிக்கிறான்னு
பாத்துனு இருந்தேன்.
கூண்டுக் கட்டையைப் புடிச்சா பயம்னு நெனைப்பாங்களா?
பின்னால கட்டிக்கினா திமிருன்னுவாங்களா?"

எனக்குக் கை தெரியாது. குரல் தெரியும்.
சொன்னேன்:
குறுக்கு விசாரணையில் வக்கீல் கத்துவார், நீ பொய் சொல்கிறாய் என்று.
அதற்கப்புறம் ஒன்றுமே கேட்காது,
நான் பத்து ரூபாய்த் தாள் ஒரு கட்டு எண்ணி முடிக்கும் வரைக்கும்.
பிறகு அந்த ஆள் மெதுவாக,
முதலில் சொன்ன அதே வார்த்தையை
அப்படியே மறுபடி சொல்வான்.

"அவ்ளோ நேரம் சும்மா நிக்கலாமா?"
"படத்தில் நிக்கலாம்."

மொபெட் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
சுவரைப் பார்த்து நின்றார்.
வெளியே எண்ணூர்ப் பக்கம் டிரெய்லர்கள்
ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.
"வண்டி லைட்டு இல்லாம வந்துச்சு" என்றார் சுவரிடம்.
ரொம்ப நேரம் கழித்து, அதையே.

வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள்.
இப்போது பேய்ப்படம். சுவர் முழுக்க அலறல்,
வெளியே வருகிறவர்கள் நன்றாகச் சிரிக்கிறார்கள்.
அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை.
அறுபத்தொன்றை தினமும் யாராவது வாங்கிப் போகிறார்கள்.
கொடுக்கும்போது கையைப் பார்க்கிறேன்.