செவிக்கல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று, மே பன்னிரண்டு.
ஐஸ்லாந்தின் மேற்கு ஃபியோர்டுகளுக்கு வெளியே,
நிலையம் பதினான்கு.
மூடியில் துரு, துருவின் மேல் மெழுகு.
யாரோ பொறுமையாக, சுற்றிச் சுற்றி
ஊற்றியிருக்கிறார்கள்.

திறந்ததும் மூக்கில் ஊசி.
ஐம்பது ஆண்டுகளில் ஃபார்மலின்
ஒரு கோபத்தையும் மறக்கவில்லை.

உள்ளே காட் மீன் குஞ்சுகள்,
ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம்.
கண் இருக்கிறது, துடுப்பு இருக்கிறது.
அன்று காலை விழுங்கிய பூச்சிகூட
வயிற்றில் காலை மடக்கிக்கொண்டு அப்படியே.
இவ்வளவு நல்ல பிணங்களை நான் பார்த்ததில்லை.

எனக்கு வேண்டியது தலைக்குள் இருக்கும் செவிக்கல்.
தூசியைவிடச் சற்றே பெரிய சுண்ணாம்புத் துளி.
மீன் வாழ்ந்த நாளொன்றுக்கு
அதில் ஒரு வளையம்.
எண்ணினால் பிறந்த தேதி கிடைக்கும்.
அந்த வசந்தம் முந்தி வந்ததா பிந்தி வந்ததா என்று
வேறு யாரிடம் போய்க் கேட்பது?

ஊசி முனையால் பிரித்தேன்.
நுண்ணோக்கியின் இருட்டில் கல் மட்டும் மின்ன வேண்டும்.
மின்னவில்லை.
இரண்டாவது. பத்தாவது.
நாற்பதாவதோடு காபி குடிக்கப் போய்விட்டேன்.

ஃபார்மலின் நாள்பட்டால் புளிக்கும்.
புளிப்பைத் தணிக்க ஒரு கரண்டி போராக்ஸ் போதும்.
போடவில்லை, அல்லது போட்டது போதவில்லை.
சதையைச் சதையோடு தைத்துக்கொண்டே
கல்லை நக்கிக் கரைத்திருக்கிறது.
மரபணு கேட்டு ட்ரொம்சோவிலிருந்து எழுதிய ரக்னீல்டுக்கும்
நல்ல பதில் இல்லை:
தையலைப் பிரித்தால்
துணியே துண்டு துண்டாக வருகிறது.

நிலையம் பதினைந்து, ஜாடி இல்லை, ஒரு சாராய பாட்டில்.
குறிப்பேட்டில் பென்சிலில்:
'ஃபார்மலின் தீர்ந்தது.
என் பிரென்னிவின்னை ஊற்றினேன். ஒக்முந்துர்.'

சீரகம் போல மணத்தது.
அடியில் பழுப்புக் கஞ்சி.
கண் எது, வால் எது?
காட் குஞ்சா, ஹாடக் குஞ்சா?
சத்தியம் செய்ய முடியாது.
ஆனால் வடிகட்டியதில்
பதினோரு கற்கள்,
விளக்கணைத்த அறையில் பல் தெரியச் சிரித்தன.
பத்தொன்பது வளையம். இருபத்திரண்டு. மறுபடி பத்தொன்பது.
ஏப்ரல் இருபதை ஒட்டிப் பிறந்த
பெயர் தெரியாத யாரோ.

மீனைக் கண்டால் கல்லைக் காணோம்,
கல்லைக் கண்டால் மீனைக் காணோம்.
பதினோரு கல்லை வைத்துக்கொண்டு
ஒரு கடலைப் பற்றி என்ன எழுதுவது?

இந்த வாரம் நாங்கள் பிடித்ததை மூன்றாகப் பிரித்தேன்.
ஒன்றில் போராக்ஸோடு ஃபார்மலின்,
ஒன்றில் சாராயம், ஒன்று உறைபெட்டியில்.
நான்காவதாக ஒன்றை
யாராவது கேட்பார்கள். எதுவென்று தெரியாது.

ஒக்முந்துர் உயிரோடிருக்கிறார், போலுங்கார்விக்கில்.
தொலைபேசியில் முதலில் அந்த பாட்டிலைத்தான் நினைத்துக்கொண்டார்.
'ஒரு வாரம் எவனோடும் பேசவில்லை நான்' என்றார்.
பிறகு, 'பதினான்கு எப்படி இருக்கிறது?'

ஒரு கண்கூடக் கலங்கவில்லை என்றேன்.

'மெழுகு என் கைதான்' என்றார்.
ஆமாம், மெழுகு
நன்றாகவே பிடித்திருந்தது.