நுரை

பெட்டியை மாட்டச் சொன்னது நான்தான்.
புஸி ஆற்றில் வெள்ளம் வடிந்த பதினோராம் நாள்
கிடங்குக் கதவுக்கு வலப்புறம்
ஆளுயரத்தில்.
நீலத் தகரம். வாய் என்று ஒரு கீறல்,
மடித்த தாள் நுழையும், விரல் நுழையாது.
'உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்' என்று
போர்ச்சுகீசிய மொழியில் எழுதினோம்.
கூடாரங்களில் பேசியதோ ந்தாவு.

சாவி யாரிடம் என்று படிவத்தில் ஒரு கட்டம்.
அடெலினோ என்று நிரப்பினேன்.
கிடங்குச் சாவியும் அவனிடம்தானே,
ஒரே கயிற்றில் இரண்டாகத் தொங்கட்டும்.
நல்ல உழைப்பாளி.
முந்தைய நிறுவனத்தின் கடிதம் அப்படித்தான் சொன்னது,
ஒன்றரை வரியில்.

ஆறு வாரம்.
வந்த புகார்கள்: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
தலைமையகம் பாராட்டி எழுதியது.
அந்நாட்களில் என் ஒரே எரிச்சல்
பெட்டிக்குக் கீழே தினமும் யாரோ கவிழ்த்து வைக்கும்
காலி எண்ணெய் டின்.
வழியில் இடைஞ்சல் என்று
காலாலேயே தள்ளிவிடுவேன்.

ஏழாம் வாரம் கூரை பிய்க்கிற மழை.
ஒதுங்கி நின்றவர்கள் சிரித்தார்கள்:
பாருங்கள், பெட்டிக்கு நுரை தள்ளுகிறது!
தள்ளியது. அடித்தகட்டின் இணைப்பிலிருந்து வெள்ளையாக,
சுவரோடு வழிந்து, என் செருப்பு வரை.

சமையல்காரி ஃபெலிஸ்மினா சிரிக்கவில்லை.
"திற."
"சாவி என்னிடம் இல்லை."
"உன் பெட்டிதானே?"
பதிலுக்கு நிற்காமல் கடப்பாரையால் நெம்பினாள்.

சோப்பு.
வாழைக்காய் சீவினாற்போல் இழை இழையாக,
கீறலுக்குள் நுழையும் கனத்தில்.
ஒட்டவைத்துப் பார்த்தால் ஆறு கட்டி.
ஒரு வீட்டுக்கு மாதம் இரண்டுதான் பங்கீடு.
வரிசை கலைந்தபிறகு
'நீ மட்டும் வா' என்று கூப்பிட்டு
யாரோ கொடுத்தவை மிச்சமெல்லாம்.

"கம்பி ஒன்று கேட்டாள்" என்றாள் ஃபெலிஸ்மினா.
"மெல்லிய கம்பி. கொடுத்தேன்.
எதற்கென்று கேட்கவில்லை.
நானும்தான்."

வயது பதின்மூன்று.
பெயரை எழுதக்கூடாது என்பது விதி.
விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று.
எழுதப் படிக்கத் தெரியாது அவளுக்கு.
கொடுத்ததைக்
கொடுத்தவர்களின் பெட்டியிலேயே
வாராவாரம், டின் மேல் ஏறி நின்று,
திருப்பிப் போட்டிருக்கிறாள்.

அடெலினோ ஒருநாளும் பெட்டியைத் திறக்கவில்லை.
திறக்காமலே பூஜ்யம் போடத் தெரிந்தவன்;
அந்தச் சோம்பலால்தான் எங்களுக்குச் சாட்சியம் மிஞ்சியது.
என் திட்டத்தால் அல்ல.

விசாரணை அதன் வழியில் போனது.
அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
படிவத்தில் மட்டும், 'புகார் எந்த மொழியில்' என்ற இடத்தில்
நெடுநேரம் பேனாவோடு இருந்துவிட்டு
சோப்பு என்று எழுதினேன்.
தலைமையகம் பிழையென்று திருப்பி அனுப்பியது.
மறுபடி அதையே எழுதினேன்.

என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டோம்.
மூன்று நாள் பேசவில்லை.
நான்காம் நாள் ஃபெலிஸ்மினாவிடம் சொன்னாளாம்:
வாசனை இல்லாத சோப்பு.
பெய்ராவின் கடைகளில் ஒரு பகல் முழுக்கத் தேடினேன்.

பெட்டி இப்போது இடுப்புயரத்தில்.
இரண்டு பூட்டு, இரண்டு பேர்,
இருவரும் கிடங்கில் வேலை செய்பவர்கள் அல்ல.
டின்னை யாரும் எடுக்கவில்லை.

நேற்று வேறொரு நாட்டிலிருந்து கடிதம்.
அகதி முகாமொன்றில் வேலை கேட்டிருக்கிறானாம்,
நடத்தை எப்படி என்று கேட்கிறார்கள்,
சுருக்கமாக இருந்தால் போதுமாம்.
விளக்கை ஏற்றி உட்கார்ந்தேன்.
ஒன்றரை வரியை எப்போதோ தாண்டிவிட்டது.